ஆய்வகத்தில் பொங்கிய பால்

பால் காய்ச்சாமல் யாராவது புதுவீடு புகுவார்களா? பல்கலைக்கழகத்துப் புது ஆய்வகத்துக்கும் அதே சம்பிரதாயம்.

"பால் பொங்கியே ஆகணும். ஆனா அடுப்பு, ஹீட்டர் எதுவும் உள்ளே வரக் கூடாது, கருவியெல்லாம் கெட்டுடும். முடியலேன்னா உனக்கு இங்கே இடமில்லை" என்றார் துணைவேந்தர் அருணகிரி, ஆராய்ச்சி மாணவி வேம்புவிடம். இயற்பியலைக் கரைத்துக் குடித்தவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ஆள் அவர்.

விழாவன்று வேம்பு பச்சைப் பாலைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, உள்ளிருந்த காற்றை மோட்டார் போட்டு உறிஞ்சினாள். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. பால் குபுகுபுவென்று பொங்கி வழிந்தது!

"எல்லாம் என் யோசனை!" என்று முதல் டம்ளரை வாங்கிய துணைவேந்தர், உஃப் உஃப் என்று ஊதினார்.

"ஊதாமலே குடிங்க சார்" என்றாள் வேம்பு. "காத்தை எடுத்துட்டா சூடில்லாமலே பொங்கும். உங்க யோசனைப்படி, பால் ஜில்லுன்னுதான் இருக்கு."