வழக்கு கேட்க நடந்த ராஜா

முன்னொரு காலத்தில் நெல்லிக்கோட்டை நாட்டைச் செண்பகவேந்தன் என்றொரு ராஜா ஆண்டு வந்தான். ஆண்டான் என்பதைவிட, சிம்மாசனத்தை நிரப்பி உட்கார்ந்திருந்தான் என்பதே பொருத்தம்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தை மாதம் மலைக்கோட்டை உச்சிக்கு ராஜா தன் காலால் நடந்து ஏறிக் கொடியேற்ற வேண்டும். குதிரை கூடாது, பல்லக்கும் கூடாது. போன தையில் செண்பகவேந்தன் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அண்டை நாட்டுத் தூதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"என் உடம்பு குறைய ஒரு வழி சொல்லுங்கள்!" என்று சபையில் கர்ஜித்தான் ராஜா.

வழிக்கா பஞ்சம்? எலுமிச்சைச் சாறு மட்டும் குடிக்கச் சொன்னார் ஒருவர். சொன்னவரின் தொப்பை அவருக்கு முன்னால் சபைக்குள் வந்திருந்தது. சுடுமணலில் புதைந்து கிடக்கச் சொன்னார் இன்னொருவர். அவர் வெயில் பட்டாலே தலைவலி என்று படுத்துக்கொள்கிறவர்.

கடைசியில் எழுந்தார் தளவாய் சூரபாணி. பனைமட்டை போல ஒல்லி. அவர் அப்பாவும் ஒல்லி, தாத்தாவும் ஒல்லி. விருந்தில் இரண்டு இலைச் சாப்பாடு சாப்பிட்டாலும் அவருக்குச் சதை போடாது. ஆனால் அதெல்லாம் தன் சாதனை என்று அவர் மனதார நம்பினார்.

"விடியலில் ஓட்டம், ஒரு வேளை கொள்ளுக்கஞ்சி! என்னைப் பாருங்கள் அரசே! எனக்குப் பலித்தது யாருக்கும் பலிக்கும்."

ராஜா ஓடினான், கஞ்சி குடித்தான், பசியில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்தான். நான்காம் நாள் சமையற்கட்டுக்குள் புகுந்து மொத்தத்துக்கும் சேர்த்துச் சாப்பிட்டான்.

"திட்டத்தில் குறையில்லை. மன உறுதி என்று ஒன்று வேண்டுமே..." என்று இழுத்தார் தளவாய்.

மந்திரி கண்ணாயிரத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சபையில் அதிகம் பேசுகிறவர் அல்ல. தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர். அடக்கப் பார்த்தும் சிரிப்பு அடங்கவில்லை.

"என்ன மந்திரி, இளிப்பு?"

"தளவாயின் சட்டை உங்கள் தோளில்கூட ஏறாது அரசே. அவர் கஞ்சி மட்டும் எப்படிப் பொருந்தும்?"

"ஓகோ! எனக்குப் பொருந்துவதை நீரே கண்டுபிடியும். வரும் தையில் நான் உச்சி ஏறாவிட்டால் உம்முடைய முத்திரை மோதிரம் தளவாய்க்கு. நீர் குடும்பத்தோடு எல்லை தாண்டிவிட வேண்டும்!"

தளவாய் அப்போதே தன் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மந்திரியின் வீட்டில் கர்ப்பிணி மகள் இருக்கிறாள். அவளை எந்த ஊருக்குக் கூட்டிப்போவது?  ஆனாலும் அவர் எந்த மருந்தையும் தேடிப் போகவில்லை. சில நாட்கள் ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டு வேளையில் ராஜா அளவாகத்தான் சாப்பிட்டான். கேடெல்லாம் சபையில்தான். விண்ணப்பம் சொல்ல வருகிறவர் ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுவர வேண்டும், ராஜா அதில் ஒரு வாய் எடுத்தால்தான் பேச்சைத் தொடங்கலாம் என்பது அரண்மனை முறை. பேசுகிறவர்கள் சுருக்கமாகவா பேசுவார்கள்? முகஸ்துதி நீள நீள, கேட்க முடியாமல் ராஜாவின் கை தட்டுக்குப் போகும். தளவாய் உண்ணாவிரதத்தின் பெருமையை விளக்கிய அன்று மட்டும் ஒரு தட்டு அதிரசம் முழுக்கக் காலி.

ஆனால் யாராவது நிஜமாகவே சண்டை போட்டுக்கொண்டு வந்தால் ராஜாவின் கண் விரியும். கை தட்டை மறந்துவிடும்.

மறுநாள் மந்திரி சொன்னார்: "அரசே, வேளைக்குப் பிடித்ததைச் சாப்பிடுங்கள். வழக்கை மட்டும் அது நடந்த இடத்துக்கே போய், நடந்தபடி விசாரியுங்கள். தட்டு அரண்மனையிலேயே இருக்கட்டும்."

"இது வைத்தியமா, ஊர்சுற்றலா மந்திரியாரே?" என்று சிரித்தார் தளவாய். சபையும் கூடச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறோம் என்று அதற்கு என்றைக்குத் தெரிந்தது?

முதல் வழக்கு ஒரு வாய்க்கால் தகராறு. "மடையை அடைத்தது அவன்தான்!" "பொய் ராசா, வந்து பாருங்க!" என்று இருவரும் இழுக்க, ராஜா வரப்போடு மடைவரை போனான், திரும்பினான், சந்தேகம் வந்து மறுபடி போனான். உச்சி வெயில் ஏறியதே தெரியவில்லை. அடுத்து தோப்புத் தகராறு, அதற்கடுத்து மேய்ச்சல் தகராறு. வழக்குக்கு என்ன குறை? மாதங்கள் போயின. ராஜா ஒல்லியாகிவிடவில்லை. ஆனால் இடுப்புக் கச்சை தளர்ந்தது, மூச்சு வாங்குவது குறைந்தது.

தை பிறந்தது. மலையடியில் தூதர்கள் காத்திருந்தார்கள். நிமிர்ந்து படிகளைப் பார்த்ததும் போன வருஷத்து அவமானம் நினைவுக்கு வந்து ராஜாவின் கால் பின்வாங்கியது. மந்திரி கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்.

"ஏடி அஞ்சலை! பூக்கடை போடுற அந்தப் படி எங்களுது!" என்று கூட்டத்திலிருந்து பாய்ந்தாள் பூக்காரி காத்தாயி.

"படியில உன் பேரு வெட்டியிருக்கா? போடி!"

"எந்தப் படி?" ராஜாவின் கண் விரிந்தது.

"மேல இருக்கு ராசா, வாங்க காட்டுறேன்!"

"இவ காட்டுறது பொய்ப் படி, இன்னும் மேல வாங்க!"

ஏசிக்கொண்டே இருவரும் ஏறினார்கள். "இரு, இரு, ஒருத்தி ஒருத்தியாகப் பேசுங்கள்!" என்றபடி ராஜாவும் ஏறினான். நடுநடுவே நின்று மூச்சு வாங்கினான், அதட்டினான், ஏறினான். கடைசிப் படியில் நிமிர்ந்தால் எதிரே கொடிமரம்.

கொடி பறந்தது. கீழே ஆரவாரம்.

"சரி, எது உங்கள் படி?" என்றான் ராஜா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

காத்தாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "எங்களுக்குள்ள ஒரு சண்டையும் இல்ல ராசா. இவ என் நாத்தனார். மந்திரி ஐயாதான் சண்டை போடச் சொன்னாரு."

ராஜா மலை அதிரச் சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். மந்திரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. மகள் இனி இந்த ஊரிலேயே பிள்ளை பெறலாம்.

"ஆமாம், தளவாய் எங்கே?"

எட்டிப் பார்த்தார்கள். பாதிப் படியில் தளவாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய விடியற்கால ஓட்டமெல்லாம் குதிரை மேல்தான் என்று லாயக்காரர்கள் சிரித்தார்கள்.

"தூக்கிவர ஆள் அனுப்பட்டுமா அரசே?" என்றார் மந்திரி.

"எதற்கு? அவர் நிதானமாக வரட்டும். வரும்வரை அந்தப் படிகளுக்கு மன உறுதியைப் பற்றி விளக்கிச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். எழுந்து போக முடியாமல் கேட்க அவைதான் தோது."