வாசலில் நின்ற உளுவை

பவளப்பாறையை ஒட்டிய மணல் தரையில் கூனன் என்ற இறாலும் வரியன் என்ற உளுவை மீனும் ஒரே வளையில் குடியிருந்தன.

கூனனுக்குக் கண் மங்கல். ஆனால் கால்களில் நல்ல வலு. வளை தோண்டுவதும், சரியும் மணலை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் அதன் வேலை. வரியன் வாசலில் நின்று காவல் காக்கும். வெளியே வரும்போதெல்லாம் கூனன் தன் நீண்ட மீசையை வரியனின் வால்மேல் வைத்துக்கொள்ளும். ஆபத்து என்றால் வால் துடிக்கும். மறுகணம் இரண்டும் வளைக்குள்!

நெடுநாளாக ஓர் ஆபத்தும் வரவில்லை. கூனனுக்கு மனம் கோணியது.

"நாள் முழுக்க மண் சுமக்கிறவன் நான். நீ சும்மா நின்றுவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாய்!"

"சும்மா நிற்கவில்லை அண்ணே. பார்த்துக்கொண்டு நிற்கிறேன்."

"பார்ப்பதும் ஒரு வேலையா? இனி என் வீட்டில் உனக்கு இடமில்லை. போ!"

வரியன் சற்றுத் தள்ளி வெறும் மணலில் போய்க் கிடந்தது. கூனன் ஒரு சிப்பியை இழுத்து வந்து வாசலை அடைத்தது. தான் மட்டும் நுழைய ஒரு சந்து விட்டது.

மறுநாள் கூனன் தனியாக மணல் கொட்ட வந்தது. பாறை மறைவிலிருந்து பெரிய களவா மீன் ஒன்று மெல்ல நீந்தி வந்தது. கூனனுக்கு அது தெரியவில்லை. வரியனுக்குத் தெரிந்தது. பாய்ந்து வந்து கூனனின் மீசையில் வாலைப் படபடவென்று அடித்தது.

"உள்ளே ஓடு அண்ணே!"

கூனன் சந்துக்குள் புகுந்துவிட்டது. பின்னாலேயே வந்த வரியனின் தலை சிப்பியில் மோதியது.

"அண்ணே, சிப்பியைத் தள்ளு!"

"இதோ! தள்ளிவிட்டேன், வா!"

யாரும் வரவில்லை.

கூனன் மீசையை வெளியே நீட்டித் துழாவியது. தண்ணீர்தான் தட்டுப்பட்டது. "வரியா! வந்துவிடடா! இது உன் வீடுதான்!" என்று கதறியது.

அந்தப் பக்கம் போன நண்டு நின்றது. "யாரைக் கூப்பிடுகிறாய்? களவா அப்போதே விழுங்கிவிட்டுப் போய்விட்டதே."

அதன்பின் கூனன் வெளியே வரவே அஞ்சியது. மணல் சரிந்துகொண்டே இருந்தது. கொண்டுபோய்க் கொட்டத் துணிவில்லை. இரண்டு பேருக்கென்று அகலமாகத் தோண்டிய வளை, ஒருவருக்கும் போதாமல் நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்தது.

துணையின் உழைப்பு தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லையென்று எண்ணுபவன், துணையை இழந்து தானும் அழிவான்.