நரியார் சுற்றிப் பார்த்த வீடு

இருட்டிய பிறகு வளைக்கு வெளியே ‘பரக் பரக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. செவந்தி முயல் மூன்று குட்டிகளையும் வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெல்ல எட்டிப் பார்த்தாள். அவள் கணவன் வெள்ளையப்பன் பின்னங்காலால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தான்.

“பயப்படாதே. பிளான் போடறேன்” என்றான்.

குளத்தங்கரையில் ஒரு வீக்கெண்ட் வீடு கட்டப் போகிறானாம். சனி, ஞாயிறு ஆனால் சொந்தபந்தம் கூடிச் சிரித்துப் பேச ஓர் இடம் வேண்டாமா என்றான். அவனுடைய சொந்தபந்தம் கூடினால் சண்டைதான் போடும்.

வீட்டை வடிவமைக்க மயிலார் வந்தார். அவர் தூங்குவது மரக்கிளையில். வாழ்நாளில் ஒரு சுவர்கூட எழுப்பியதில்லை. அதனால் அவரிடம் யோசனைகளுக்குப் பஞ்சமே இல்லை. காடே உட்காரும் அளவுக்குக் கூடம். குளத்தைப் பார்த்த பக்கம் வெட்டவெளி. எந்த அறைக்கும் கதவு கிடையாது. கதவு வைத்தால் காற்றும் பாசமும் தடைபடுமாம். வெள்ளையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“நரி வந்தா?” என்று கேட்டாள் செவந்தி.

“நல்ல காரியம் பேசறப்போ ஏன்மா இப்படி?” என்றார் மயிலார்.

நரி வந்தார். அழைப்பின் பேரில்தான் வந்தார். புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு பெரிய புள்ளி வந்து விளக்கேற்றாவிட்டால் காட்டில் யார் மதிப்பார்கள்? வெள்ளையப்பனே போய்க் கூப்பிட்டு, மாலையும் போட்டான்.

சாப்பாடு ஆனதும், எல்லா விருந்தாளியையும் போல, நரியாரையும் வீட்டைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனான்.

“இதுதான் பிள்ளைங்க ரூம், ஐயா. படுத்தா இடி விழுந்தாலும் எழ மாட்டாங்க.”

“நீங்க எங்க படுப்பீங்க?”

“அந்தக் கோடியில. இங்க கத்தினா அங்க கேக்காது. அவ்வளவு அமைதி.”

“பார்த்துப் பார்த்துக் கட்டியிருக்கீங்க” என்று நரியார் மனதாரப் பாராட்டினார்.

வெள்ளையப்பன் பூரித்துப்போய் மனைவியிடம் ஓடிவந்தான். மற்ற அறைகளை ஒரு தடவை பார்த்தவர், பிள்ளைகள் அறையை மட்டும் மூன்று தடவை பார்த்தாராம். அவ்வளவு ரசனையாம்.

செவந்தி குட்டிகளைக் கவ்விக்கொண்டு பழைய வளைக்குக் கிளம்பினாள். புது வீட்டில் முதல் ராத்திரி தங்காமல் போகிறாளே, என்ன திமிர் என்று நாத்தனார்கள் முணுமுணுத்தார்கள். கௌரவம் கருதி வெள்ளையப்பன் அங்கேயே தங்கினான். நாத்தனார்கள் சாப்பாட்டை மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அன்றிரவு நரியார் வந்தார். வழி கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நேராகப் பிள்ளைகள் அறை. வெறும் வைக்கோல். பிறகு, அந்தக் கோடி.

பாதி வாலோடு ஓடிவந்த வெள்ளையப்பன் பழைய வளையின் கதவை இடித்தான்.

“செவந்தி, நான்தான். பின்னாடியே வரான்.”

அவள் அவன் காதைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தான் கட்டிய வீட்டைப் பற்றி அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

பாராட்ட வருகிறவனுக்கெல்லாம் பிள்ளைகள் தூங்கும் இடத்தைக் காட்டக் கூடாது என்பதே இதன் நீதி. செவந்தி அதைச் சொல்லிக்கொண்டு நிற்காமல், கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.