பென்டிரைவ் பிரசாதம்

பலவேசம் பத்திரப்பதிவு ஆபீஸில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். பென்ஷன் வந்தது, நிம்மதி வரவில்லை. அதைத் தேடித்தான் கடையம் பக்கம் மலையடிவாரத்தில் இருந்த சின்ன ஆசிரமத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே குரு தாயம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை உதறிவிட்டு வந்தவர். இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை ஐயா என்பார்.

பக்தர்கள் தங்கள் மனக்கஷ்டத்தை மின்னஞ்சலில் எழுதுவார்கள். அம்மா பதில் சொல்லச் சொல்ல, பலவேசம் ஆசிரமத்துக் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பார். அதுதான் அவருடைய தொண்டு.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் பெட்டியும் படுக்கையுமாக அம்மா முன்னால் வந்து நின்றார்.

"உத்தரவு குடுங்கம்மா. ஆத்துக்கு அந்தப் பக்கம், திரிகால சாமி மடத்துக்கே போயிருதேன்."

"அங்க என்னய்யா விசேஷம்?"

"அவருக்கு ஞானதிருஷ்டி இருக்கு. சும்மா பாத்துட்டு வருவோம்னு நேத்துப் போனேன். நான் வாயே தொறக்கல. 'மருமக கூடப் பேச்சுவார்த்தை நின்னு போச்சோ'ன்னாரு. 'ஆசிரமத்துல இருந்துக்கிட்டே ஒளிச்சு மட்டன் சுக்கா தின்னுட்டு மனசு கெடந்து அடிச்சுக்கிடுதோ'ன்னாரு. எனக்கு உடம்பெல்லாம் ஆடிப் போச்சு."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"நம்ம பக்தர்கள்லயும் பாதிப் பேரு அங்கதான் போறாக. கேக்காமலே அவுக கஷ்டத்தச் சொல்லுதாராம். நீங்க எல்லாத்தையும் கேட்டுத்தானம்மா தெரிஞ்சுக்கிடுதிய?"

"ஆமாய்யா. மட்டன் சுக்காவ வேற யார்ட்டயாவது சொன்னியளா?"

"மூச்சு விடல. உங்களுக்கு எழுதிருவோம்னு, மருமக சங்கதியையும் சேத்துக் கம்ப்யூட்டர்ல டைப் அடிச்சேன். தைரியம் வரல. அனுப்பாமலே அழிச்சிட்டேன்."

அம்மா கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"சரி, போங்க. போறதுக்கு முன்னால நான் சொல்லுதத டைப் அடிங்க. 'எனக்கு ஒரு ரெட்டைத் தம்பி இருந்தான். பேரு சின்னப் பலவேசம். சின்னப் பிள்ளையில திருவிழாக் கூட்டத்துல தொலைஞ்சு போனான். அவன் நெனப்பு என்னை வாட்டுது.'"

"நான் ஒத்தப் பிள்ளைல்லாம்மா!"

"அடிங்கய்யா."

அடித்தார். அம்மா அழிக்கச் சொன்னார், அழித்தார்.

"நாளைக்கு அந்தச் சாமியப் பாத்துட்டு வாங்க. அப்பவும் போகணும்னு தோணுச்சுன்னா நானே ஆட்டோ புடிச்சு அனுப்பி வைக்கேன்."

மறுநாள் மடத்தில் நல்ல கூட்டம். திரிகால சாமி பலவேசத்தைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கையை உயர்த்தினார்.

"பலவேசம்! உன் ரெட்டைத் தம்பி உயிரோட இருக்கான். வடக்க இருக்கான். தாடி வச்சிருக்கான். 'அண்ணே, சின்னப் பலவேசம் பேசுதேன்'ங்கான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. முன்வரிசையில் ஓர் அம்மாள் அழுதேவிட்டாள். தாடியும் கீடியுமாகக் கேட்டதும் பலவேசத்துக்கே ஒரு கணம், அப்பா நமக்கு எதையோ மறைத்துவிட்டாரோ என்று சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஏறின பிறகுதான் கோபம் வந்தது. ஆசிரமத்துக்குள் நுழையும்போதே கத்தினார்.

"அம்மா! பொறக்காத என் தம்பிக்குத் தாடி வச்சு விட்டுட்டான்!"

"அந்த மடத்துலேருந்து நம்ம கம்ப்யூட்டருக்கு என்ன வந்துச்சுய்யா?"

பலவேசம் யோசித்தார். "குருபூசைப் பிரசாதம்னு போன மாசம் குடுத்துவிட்டாக. துன்னூறு, கல்கண்டு, ஒரு பென்டிரைவு. அதுல பஞ்சாங்கம் இருக்குன்னாக."

"சொருகினியளா?"

"பிரசாதத்த வேண்டாம்னு சொல்லலாமா? கண்ணுல ஒத்திக்கிட்டுச் சொருகினேன். பஞ்சாங்கம் வரணும்னா ஆன்டிவைரஸ நிறுத்துன்னு எழுதியிருந்துச்சு, நிறுத்தினேன். அப்புறம் அது கேட்டதுக்கெல்லாம் எஸ், எஸ்னு அமுக்கினேன்."

"நல்ல நேரம் பாத்து அமுக்கினியளா?"

"அதைத்தான் பஞ்சாங்கம் வந்ததும் பாக்கலாம்னு..."

அம்மாவால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்தார்.

"வாசல்ல நிக்குதது பஞ்சாங்கம். அது கூட வந்தவன் ஒருத்தன் கொல்லைக் கதவத் தொறந்து வச்சிட்டு உள்ள ஒக்காந்திருக்கான். நீங்க அடிக்குத ஒவ்வொரு எழுத்தையும் அப்பப்ப அங்க அனுப்புதான். நீங்க அழிச்சாலும் அவன்கிட்ட இருக்கும். வந்த கடுதாசி, பாஸ்வேர்டு, எல்லாம் அவன் கையில."

பலவேசம் பாய்ந்து போனார். பஞ்சாங்கத்தை அழித்தார், போதாததற்குக் கம்ப்யூட்டருக்குக் கற்பூரமும் சுற்றினார். "தொலைஞ்சான், அம்மா!"

அம்மா முதலில் நெட் வயரைப் பிடுங்கினார். பிறகு கம்ப்யூட்டரை நிறுத்தி, மறுபடி போட்டார். பஞ்சாங்கம் திரும்ப வந்து நின்றது. இன்று உங்களுக்குச் சந்திராஷ்டமம், வீண் முயற்சிகளைத் தவிர்க்கவும் என்றது.

"பேர்ப் பலகையத்தான் கழட்டினிய. ஆளு உள்ளதான் இருக்கான்," என்றார் அம்மா. "எந்த மூலையில ஒளிஞ்சிருக்கான்னு தேடிட்டு இருக்க முடியாது. மொத்தத்தையும் காலி பண்ணணும்."

அம்மாவின் சொற்பொழிவுகளை மட்டும் பத்திரமாகப் பிரதி எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் சோதித்துக்கொண்டார்கள். டிஸ்க்கை முழுக்கத் துடைத்தெடுத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள். ஆன்டிவைரஸ் மறுபடி காவலுக்கு வந்தது. அந்த வேறு கம்ப்யூட்டரிலிருந்தே பாஸ்வேர்டுகளையும் மாற்றினார்கள். பென்டிரைவ் உறைக்குள் போய், புகாரோடு சைபர் கிரைம் போலீசுக்குப் போனது.

"இனி பக்தர்கள் எல்லாருக்கும் நடந்தத எழுதுங்க," என்றார் அம்மா.

"மானம் போயிருமேம்மா! சத்தமில்லாம இருந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"போனது அவங்க ரகசியம்லாய்யா."

பலவேசம் எழுதினார். பிரசாதம், பென்டிரைவ், எஸ் எஸ் என்று அமுக்கியது, ஒன்றையும் விடவில்லை. கீழே தன் பெயரையே போட்டார். அனுப்பி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு பெட்டியைத் திறந்து, வேட்டியை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். ஆனாலும் ஒரு குறை அரித்தது.

"அம்மா, அவன் செஞ்சது திருட்டு, சரி. உங்களுக்கு நெசமாவே ஞானதிருஷ்டி கெடையாதா?"

"கெடையாதுய்யா."

"நான் மனசுக்குள்ள புழுங்கிக்கிட்டு இருந்ததுகூடத் தெரியாதா?"

"அது தெரியும். ஒரு மாசமா என் முகத்தப் பாக்காமலேல்லா டைப் அடிச்சிய?"

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"அது உங்க மனசுல்லா. நீங்க கூப்பிடாம நான் எப்படி உள்ள வாரது?"

"வாசல்ல நின்னு ஒரு சத்தம் குடுத்திருக்கலாமேம்மா."

"தெனமும் 'சாப்ட்டியளா'ன்னு கேட்டேனேய்யா," என்றார் அம்மா.