இருநூற்றுப் பதினான்கு திருத்தங்கள்

ஆஸ்பத்திரியின் கணினிப் பிரிவுத் தலைவர் ஞானப்பிரகாசத்துக்கு ஊர் உலகம் பயன்படுத்தும் கெர்னல் ஆகாது. கணினியை உள்ளிருந்து இயக்கும் அந்த நிரலில் இருநூற்றுப் பதினான்கு இடங்களில் கைவைத்து, தனக்கென்று ஒன்று வைத்திருந்தார். நோயாளிகளின் மானிட்டர்கள் எல்லாம் அதில்தான் ஓடின. பழுது நீங்கிய பொது வெளியீடு வரும்போதெல்லாம் அத்தனை திருத்தங்களையும் அதில் மறுபடி பொருத்தியாக வேண்டும். அந்தப் பாடு ஒப்பந்த ஊழியை செண்பகவல்லியின் தலையில் விடிந்தது. கடைசியாக வந்தது எட்டு மாதமாகியும் பொருந்தவில்லை.

அதற்குள் ஏழாம் கட்டில் மானிட்டர் உறைந்துபோனது. நாடித்துடிப்பு 78 என்றே காட்டிக்கொண்டிருந்தது. நோயாளியின் உயிர் போய் முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. புது வெளியீட்டில் அந்தப் பழுது கிடையாது.

“நாளைக் காலைக்குள்ள என் திருத்தம் எல்லாம் புதுசுல ஏறணும். இல்லன்னா சாவுக்கு நீதான் காரணம்னு எழுதிடுவேன்,” என்றார் தலைவர்.

“ஏத்திடறேன் சார். எது எதுக்குன்னு எழுதி, இதுக்குப் பொறுப்பு நான்னு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கையெழுத்து விழுந்த எதையும் விடமாட்டேன்.”

காலையில் டீன் வந்தபோது மானிட்டர்கள் ஒழுங்காக ஓடின.

“எல்லாம் ஏறிடுச்சா?” என்று டீன் கேட்டார்.

“தலைவர் சார் கையெழுத்துப் போட்டது ஏறிடுச்சு. ஒண்ணே ஒண்ணு. மத்ததுக்குப் பேனா எழல.”

“அது என்ன ஒண்ணு?”

செண்பகவல்லி ஏழாம் கட்டில் மானிட்டரைப் போட்டாள். காலிக் கட்டிலுக்கு மேலே, ‘ஆக்கம்: ஞானப்பிரகாசம்’ என்று திரை முழுக்க எரிந்தது.

டீன் மரண அறிக்கையைப் பிரித்தார். ‘பொறுப்பு’ என்ற கட்டம் காலியாக இருந்தது. திரையைப் பார்த்து, எழுத்துப் பிசகாமல் அந்தப் பெயரை எழுதினார்.