விறகு வேண்டாத அடுப்பு

மலையடிக் காட்டில், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் ஊற்று இருந்தது. ஊற்றை ஒட்டிய குகையில் சடைச்சி என்ற கரடி தன் குட்டி மிளகியோடு குடியிருந்தாள். அவளுடைய வேலை பீர் காய்ச்சுவது.

பீர் என்றதும் பயந்துவிட வேண்டாம். கேழ்வரகை ஊறப்போட்டு, முளை கட்டி, உலர்த்தி, இடித்து, ஊற்றுத் தண்ணீரில் காய்ச்சுவாள். ஆறியதும் பழைய பானையின் அடிமண்டியில் கொஞ்சம் எடுத்து அதில் கலந்து மூடி வைப்பாள். சில நாளில் நுரை கட்டும். குடித்தால் நல்ல ஏப்பம் வரும், போதை வராது. அதற்குப் பீர் என்று பேர் வைத்தது ரோட்டோரம் போய் வந்த ஒரு குரங்கு. ரோட்டைப் பார்த்த குரங்கு சொன்னால் காட்டில் யார் மறுப்பார்கள்?

கோடை முடிந்து முதல் இடி இடித்ததும் காட்டில் கூட்டம் கூடும். இந்த வருஷம் யார் எந்தப் பக்கம் மேய்வது, எந்தக் குட்டை யாருக்கு என்று அன்றைக்குத்தான் பேசி முடிப்பார்கள். பேச்சுக்கு முன்னால் மான், புலி, யானை எல்லோரும் ஒரே கல்தொட்டியில் சடைச்சியின் பீரைக் குடிப்பார்கள். ஒரே தொட்டியில் வாய் வைத்தவர்கள் அன்று ஒருவரையொருவர் கடிக்கக் கூடாது. அதுதான் அந்தக் காட்டின் கட்டு. அந்தப் பீருக்காகத்தான் எல்லோரும் சடைச்சிக்குக் கேழ்வரகும் தேனடையும் கொண்டு வந்து கொடுத்தார்கள். அதில்தான் மிளகி வளர்ந்தாள்.

எல்லாம் சரிதான். ஆனால் சடைச்சிக்கு அலுத்துப் போயிருந்தது.

காய்ச்ச விறகு வேண்டும். விறகு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கட்டித் தூக்கி வந்து போட்டால் அடுப்பு கால் வேக்காட்டிலேயே எல்லாவற்றையும் தின்றுவிடும். மறுபடி மேடு ஏற வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் மிளகி இடித்த மாவில் புரண்டு மாவுக் கரடியாக நிற்பாள். அவளைக் குளிப்பாட்ட வேண்டும். அதற்குள் அடுப்பு அணைந்திருக்கும்.

"சாமி, ஒரு நாளைக்காவது நான் கால் நீட்டி உட்கார மாட்டேனா?" என்று சடைச்சி வாய்விட்டே கேட்டாள்.

சாமி வரவில்லை. தேனரசு என்ற நரிதான் வந்தது.

"என்ன அக்கா, இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றது நரி.

"இளைச்சா போனேன்? உனக்குக் கண்ணு மங்கிடுச்சு தம்பி! என்ன விஷயம், அதைச் சொல்லு."

"விறகே இல்லாம அடுப்பு எரிஞ்சா எப்படி இருக்கும்?"

சடைச்சி விறகுக் கட்டைக் கீழே போட்டாள். "கேலி பண்ணாதே. எனக்கு நேரமில்லை."

"கேலி இல்லக்கா! இந்தப் பாறைக்கு அடியில, ரொம்ப ஆழத்துல, எரியுற காத்து அடைஞ்சு கிடக்கு. பெருச்சாளிங்க ஓட்டை போடும். ஓட்டையில தண்ணியை ஊத்தி, மேலே மரக்கட்டையைச் சொருகி, காட்டெருமைங்களை ஏறி மிதிக்கச் சொல்வேன். அடியில பாறை வெடிக்கும். காத்து மேலே வரும். மூங்கில் குழாய் வச்சு நேரா உங்க அடுப்புக்கே கொண்டு வந்து தர்றேன்! எனக்கு ஒண்ணும் வேணாம். உங்க ஊத்துத் தண்ணி மட்டும் கொஞ்சம் வேணும். மிச்சக் காத்தை நான் மத்த காட்டுக்குக் கொடுத்துப் பிழைச்சுக்குவேன்."

ஊற்றின் கல்லுக்கு அடியிலிருந்து ஒரு குரல் வந்தது. "தண்ணியில என்னத்தைடா கலக்கப் போறே?"

அது கல்லடியாள் என்ற தவளை. ஊற்றிலேயே பிறந்து ஊற்றிலேயே வளர்ந்தவள். எதற்கெடுத்தாலும் குறை சொல்வாள். வெயில் என்றால் வெயிலைத் திட்டுவாள், மழை பெய்தால் இவ்வளவுதானா என்று கேட்பாள். அதனால் அவள் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"பாறையைப் பிளக்க ஒரு சாறு கலப்போம்," என்றது நரி. "அது எங்க குடும்ப ரகசியம்."

"என்ன சாறுன்னு சொல்லு தம்பி," என்று சடைச்சியும் கேட்டாள்.

நரி சிரித்தது. "அக்கா, உங்க பீர்ல கசப்புக்கு என்ன போடுறீங்கன்னு நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? தொழில் ரகசியம் தொழில்காரங்களுக்குத்தானே தெரியும்!"

சடைச்சிக்கு அது நியாயமாகப் பட்டது. அவள் போடும் கசப்பு இலையை அவள் தங்கைக்குக்கூடச் சொன்னதில்லை. தொழில் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே!

"அடியே சடைச்சி, யோசிச்சுச் சொல்லு!" என்று கத்தினாள் தவளை.

சடைச்சி விறகுக் கட்டைப் பார்த்தாள். மேட்டைப் பார்த்தாள். மாவில் புரண்டுகொண்டிருந்த மிளகியைப் பார்த்தாள்.

"யோசிக்கவும் தெம்பு இல்லக்கா," என்றாள். "சரி தம்பி, எடுத்துக்கோ."

பெருச்சாளிகள் வந்தன. ஓட்டை போட்டன. ஊற்றிலிருந்து தண்ணீர் போனது, சாறு கலந்தது, எருமைகள் கட்டை மேல் ஏறிக் குதித்தன. பூமிக்குள் எங்கோ 'தடார்' என்று கேட்டது. குகையில் அடுக்கியிருந்த பானைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

நரி சொன்ன சொல் தவறவில்லை. மூங்கில் குழாயின் வாயில் சிக்கிமுக்கிக் கல்லை உரசியதும் நீல நெருப்பு குப்பென்று பற்றியது. புகை இல்லை, சாம்பல் இல்லை, ஊதி ஊதிக் கண் எரியும் வேலை இல்லை.

சடைச்சி அன்றைக்குக் கால் நீட்டி உட்கார்ந்தாள். பகலிலேயே கொஞ்சம் தூங்கினாள். மிளகிக்குக் காது குடைந்துவிட்டாள். "தேனரசு நல்லா இருக்கணும்!" என்று வாயார வாழ்த்தினாள்.

கொஞ்ச நாள் போயிற்று. ஊற்றில் குமிழ் குமிழாக வர ஆரம்பித்தது.

"பாருங்க அக்கா, ஊத்தே பீராயிடுச்சு!" என்று நரி கைதட்டியது. அக்கம்பக்கத்து முயல்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தன.

"பீராம் பீரு! எனக்கு உடம்பெல்லாம் அரிக்குதுடீ," என்றாள் தவளை.

"உங்களுக்கு எப்பத்தான்கா அரிக்கல?" என்றாள் சடைச்சி.

ஆனால் அந்த வாரம் மூடி வைத்த பானை நுரைக்கவில்லை. மூடியைத் திறந்தால் செத்த தண்ணீர்போல அசையாமல் கிடந்தது. வாயில் வைத்தால் உப்பும் துருவுமாக ஒரு ருசி.

முதலில் கேழ்வரகு மட்டம் என்று நினைத்தாள். வேறு கேழ்வரகு போட்டாள். நுரைக்கவில்லை. பானை அழுக்கு என்று நினைத்தாள். மணல் போட்டுத் தேய்த்துக் கைத்தோல் உரிந்ததுதான் மிச்சம். கடைசியில் அடிமண்டி கெட்டுவிட்டது என்று தங்கையிடம் போய் வாங்கி வந்தாள். அதுவும் செத்துப் போனது.

"தண்ணியைப் பாருடீ!" என்றாள் தவளை.

"தண்ணியில எது இருந்தாலும் காய்ச்சினா போயிடும்கா. இத்தனை வருஷம் காய்ச்சுறேன், எனக்குத் தெரியாதா?"

காய்ச்சினால் எல்லாம் சரியாகும் என்பதுதான் பீர் காய்ச்சுகிறவர்களின் நம்பிக்கை. கலங்கல் தண்ணீர், பூச்சி விழுந்த தண்ணீர், எதைத்தான் அவள் காய்ச்சிக் குடிக்கத் தகுந்ததாக ஆக்கவில்லை? இப்போதோ நெருப்புக்குக் குறைவே இல்லை. காலையில் ஏற்றிய பானையைப் பொழுது சாயும்வரை இறக்காமல் கொதிக்கவிட்டாள். பானை பாதியாகச் சுண்டியது. ருசி இன்னும் மோசமாயிற்று.

கல்லடியாள் ஊற்றை விட்டு வெளியே வந்து கரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகில் தோல் வெளுத்திருந்தது. இந்தத் தடவை அவள் கத்தவில்லை.

"சடைச்சி, காய்ச்சினா ஆவியாப் போறது தண்ணி மட்டும்தான். கலந்தது பானையிலேயே இருக்கு. நீ அதைக் கெட்டியாக்கிட்டு இருக்கே."

சடைச்சி பானையை அடுப்பிலிருந்து இறக்கினாள். குறை சொல்கிறவள் மெதுவாகப் பேசினால் பயமாக இருக்கிறது. கல்லடியாள் தாவித் தாவி மேட்டைத் தாண்டிப் போனாள். அதன் பிறகு அவள் ஊற்றுக்குத் திரும்பவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலமே முதல் இடி இடித்தது. விடிந்தால் கூட்டம்!

"தம்பி, பீர் எழும்பவே இல்லையே! இப்ப என்ன செய்வேன்?" என்று சடைச்சி நரியிடம் ஓடினாள்.

"இதுக்கா கலங்குறீங்க? தேனைக் கொட்டுங்க! தேன் வாசனை முன்னால நின்னா மத்ததை யார் மோந்து பார்ப்பாங்க? ஒரு வாய்தானே குடிக்கப் போறாங்க!"

சடைச்சிக்கு உடம்பும் ஓய்ந்திருந்தது, மனசும் ஓய்ந்திருந்தது. குழம்பில் உப்பு கூடிப்போய், விருந்தாளி வாசலில் நிற்கும்போது நாம் ஒரு கை புளியைக் கரைத்து ஊற்றுவதில்லையா? அப்படித்தான் அவளும் இருந்த தேனடையை எல்லாம் பிழிந்து ஊற்றினாள்.

மறுநாள் காலையில் எல்லோரும் வந்தார்கள். மான்கள் குட்டிகளோடு வந்தன. புலி தன் இடத்தில் படுத்துக்கொண்டது. கடைசியாகக் கூட்டத்தலைவியான கிழட்டு யானை வந்தாள். கல்தொட்டியில் பீர் தளும்பத் தளும்ப நின்றது. தேன் மணம் காட்டையே தூக்கியது.

"சடைச்சி, இந்தத் தடவை அமர்க்களமா இருக்கே!" என்றது புலி.

"தலைவி முதல்ல குடிக்கட்டும்!" என்றன மான்கள்.

யானை தும்பிக்கையைத் தொட்டிக்கு நீட்டினாள். அதற்குள் யாருடைய காலுக்கு அடியிலோ புகுந்து மிளகி தொட்டிக்கு வந்துவிட்டாள். தேன் என்றால் அவளுக்கு உயிர். "அம்மா, எனக்குத்தான் முதல் வாய்!" என்று முகத்தை உள்ளே விடப் போனாள்.

சடைச்சி பாய்ந்தாள். என்ன செய்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மிளகியின் பிடரியைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டாள். மிளகி உருண்டு போய் விழுந்து வீறிட்டாள்.



யானையின் தும்பிக்கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "சடைச்சி, உன் குட்டியை ஏன் குடிக்க விடல?"

"அது ஒண்ணுமில்ல தலைவி!" என்று நரி முன்னால் வந்தது. "மரியாதை! நீங்க குடிக்கிறதுக்கு முன்னால குழந்தை வாய் வைக்கலாமா? அதான் அக்கா..."

"நான் உன்னைக் கேட்கல."

சடைச்சி மான்குட்டிகளைப் பார்த்தாள். அவை நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றன.

"என் குட்டிக்கு வேணாம்னு கை தானா போச்சு," என்றாள். "அப்ப மத்த குட்டிங்களுக்கு மட்டும் எப்படி ஊத்துவேன்? யாரும் குடிக்காதீங்க. ஊத்துத் தண்ணி கெட்டுப் போச்சு. கெடுக்க வழி விட்டவ நான்தான்."

தொட்டியின் அடியில் முதுகைக் கொடுத்து அவளே அதைக் கவிழ்த்தாள். பீர் வழிந்து ஓடியது. தேனுக்காக ஓடி வந்த எறும்புகள் அதன் ஓரம்வரை வந்து, மோந்து பார்த்து, திரும்பிப் போயின.

அன்றைக்குக் கூட்டம் நடக்கவில்லை. யார் எங்கே மேய்வது என்று யாரும் பேசவில்லை. மான்கள் புலியைப் பார்த்தன. புலி மான்களைப் பார்த்தது. ஒவ்வொன்றாக நழுவிப் போயின.

"நெருப்பு கேட்டாங்க, கொடுத்தேன். தண்ணியைப் பத்தி யாரும் என்கிட்ட கேட்கலையே!" என்று சொல்லிவிட்டு நரி வேறு காட்டுக்குப் போயிற்று. அங்கேயும் யாரோ அலுத்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

யானைகள் களிமண்ணும் கல்லும் போட்டு ஓட்டையை அடைத்தன. பாறைக்குள் ஓடிய விரிசலை யார் அடைப்பது? ஊற்று குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. குகையில் அடுப்பும் அணையவில்லை. விரிசல் வழியாக வந்த காற்று எரிந்துகொண்டே இருந்தது. மேலே ஏற்றி வைக்கத்தான் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை.

இப்போது சடைச்சி இரண்டு மலை தாண்டித் தண்ணீர் சுமக்கிறாள். வழியில் பாதி சிந்திவிடுகிறது. மீதியில் மிளகிக்குக் குடிக்கக் கொடுத்ததுபோக ஒரு சிறு பானை பீர் காய்ச்சுகிறாள், அடுத்த இடிக்குள் தொட்டி நிறையுமா என்று பார்த்துக்கொண்டு. விறகு மேட்டைத் தாண்டும்போதெல்லாம், "இவ்வளவு பக்கத்துல இருந்ததையா தூரம்னு அழுதேன்!" என்று கொஞ்சம் சிரித்துவிட்டு, குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு நடக்கிறாள்.

ஆகவே, சுமையை இறக்கி வைக்கிறேன் என்று யாராவது வந்தால், அலுப்பில் உடனே தலையாட்டிவிடாமல், ஒரு தூக்கம் தூங்கி எழுந்து, "என் தண்ணீர் என்ன ஆகும்?" என்று கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகே சரி என்று சொல்ல வேண்டும்.