கழுத்து வலித்த பக்கம்

இரண்டு வீட்டுக்கு உழைப்பான். இரண்டு வீட்டிலும் ஏச்சு வாங்குவான். யார் அவன்? ரொம்ப யோசிக்க வேண்டாம், மொழிபெயர்ப்பாளன்தான். அதாவது நான்: ஸ்பெயின் நாட்டில் ஒரு சிற்றூர் யூதர்களின் குரு, ரபி யோம்தோவ்.

இரண்டு வருடம் முதுகு வளைந்து, அரபு மருத்துவ நூல் ஒன்றை லத்தீனில் எழுதினேன். மூலநூலோடு அதை ஆளுநரிடம் கொண்டுபோனேன். அரண்மனை பார்க்க என் ஆறு வயது மகள் ரெய்னாவும் வந்தாள்.

அரண்மனை வைத்தியர் கொன்சால்வோ மூக்கைச் சுளித்தார். "முழுக்கத் தப்பு, பிரபு! அரபு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இவர் எழுதியதை அடுப்பில் போடுங்கள்."

ஆளுநர் அடுப்பைப் பார்த்தார். நான் என் இரண்டு வருட உழைப்பைப் பார்த்தேன்.

வைத்தியர் அரபு நூலை எடுத்து, லத்தீன் நூலைத் திறப்பதுபோல இடப்பக்கத்து அட்டையைத் திறந்தார். அதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஐயா, முதல் பக்கத்தில் என்ன இருக்கிறது? இந்த மடையனுக்குச் சொல்லுங்களேன்."

"காய்ச்சலின் நான்கு காரணங்கள்!" என்று வரிமேல் விரலை ஓட்டினார்.

"அரபு நூல் வலப்பக்கத்தில் தொடங்கும், ஐயா. இது கடைசிப் பக்கம். படியெடுத்தவர், 'முடித்துவிட்டேன், கழுத்து வலிக்கிறது, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்' என்கிறார்."

ஆளுநர் தம் அரபுத் தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். கழுத்து வலிதான் என்றார் அவர்.

ஆளுநர் சிரித்தபடி என் நூலை அலமாரியில் வைத்தார். பிறகு ரெய்னாவிடம் கேட்டார்: "பெரியவளானதும் இவரைப் போல வைத்தியம் பார்ப்பாயா, அப்பாவைப் போல மொழிபெயர்ப்பாயா?"

ரெய்னா ரொட்டி சுடப் போவதாகச் சொன்னாள்.